உயிர்க்கலத்தின் வாயிலில் நிற்கும் தூதுவர்

 

எமது பள்ளியின் ஆண்டு விழா மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். தாயகத்தில் பாடசாலை ஆசிரியராக விஞ்ஞானம் கற்பித்து, பின்னர் அகதியாக இம்மாநகரை வந்தடைந்து, இன்று வார இறுதியில் உங்களுக்குத் தமிழ் கற்பிக்கும் பேறு பெற்றவர் நாம். விஞ்ஞானத்தைத் தமிழில் எடுத்துரைக்கும் வாய்ப்பு இங்கு எமக்கு அரிதாகவே கிடைக்கின்றது. ஆகவே இப்பணியை மகிழ்வுடன் ஏற்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் குருதியும் அது ஓடும் கலன்களும் ஆகும். அவை எவ்வாறு தோன்றுகின்றன, எவரது கட்டளையால் வளர்கின்றன, அக்கட்டளை பிழைத்தால் யாது நேரும் என்பவற்றை இயன்றவரை எளிமையாக விளக்க முயல்வோம். இறுதியில் எமது இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றையும் கூறுவோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

சொற்கள் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டு நூல்கள் 'செல்' எனவும் 'உயிரணு' எனவும் வழங்குவதை, நாம் கற்ற இலங்கைப் பாடநூல்களின் வழியில் 'கலம்' என்போம். இரத்தக் குழாயைக் 'குருதிக்கலன்' என்போம். கலம் வேறு, கலன் வேறு, மாணவர் மயங்காதிருப்பாராக.

ஹார்வி விட்டுச்சென்ற வினா

இலண்டன் புனித பாத்தலோமியு மருத்துவமனையில் மருத்துவராகப் பணியாற்றியவர் வில்லியம் ஹார்வி. இதயம் குருதியை நாடிகளின் வழியே உடலெங்கும் செலுத்துகின்றது என்றும், அக்குருதியே நாளங்களின் வழியே மீண்டும் இதயத்தை அடைகின்றது என்றும் 1628ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் அவர் நிறுவினார். ஆயினும் நாடியிலிருந்து நாளத்திற்குக் குருதி எவ்வழியாற் செல்கின்றது என்பதை அவர் கண்ணாற் கண்டாரல்லர். அவர் மறைந்து நான்கு ஆண்டுகளின் பின், 1661இல், இத்தாலியரான மல்பீகி தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியில் நோக்கி, நாடியையும் நாளத்தையும் இணைக்கும் நுண்ணிய மயிர்க்குழாய்களைக் கண்டறிந்தார்.

எமது உடலின் கலங்களுட் பெரும்பாலானவை ஒரு மயிர்க்குழாயிலிருந்து மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த தூரத்திலேயே வாழ்கின்றன. அதற்கப்பால் ஓட்சிசன் போதிய அளவிற் சென்று சேராது. குளத்து நீர் வாய்க்கால் வழியே ஒவ்வொரு வயல் வரம்பையும் அடைய வேண்டியது போல, குருதியும் ஒவ்வொரு கலத்தின் அருகையும் அடைதல் வேண்டும். குழந்தை வளருங்கால் வாய்க்கால்களும் உடன் வளர வேண்டும். காயம் ஆறுமிடத்தில் புதிய வாய்க்கால் வெட்டப்பட வேண்டும். அவ்வாறாயின், 'இங்கே வெட்டு, இங்கே நிறுத்து' என்று கட்டளையிடுபவர் யார்? இவ்வினாவிற்கு விடை காண முந்நூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

வாயிலும் தூதும்

ஒவ்வொரு கலத்தையும் மென்சவ்வு ஒன்று மதில் போலச் சூழ்ந்துள்ளது. வளர்ச்சிக் கட்டளையைச் சுமந்து வரும் புரதங்கள் இம்மதிலைக் கடந்து உள்ளே செல்ல இயலாதவை. ஆகவே மதிலில் ஒரு தூதுவர் நிற்க வேண்டியுள்ளது. அவர் வெளியார் கூறுவதைக் கேட்டு, உள்ளிருப்போருக்கு விளங்கும் மொழியில் உரைப்பவராதல் வேண்டும். இத்தகைய தூதுப் புரதங்களை 'வாங்கிகள்' என்பர். அவற்றுள் ஒரு குலமே 'தைரோசின் கைனேசு வாங்கிகள்' ஆகும். மனித உடலில் இக்குலத்தைச் சேர்ந்தவை 58 உள. அவை 20 குடும்பங்களாக வகுக்கப்பட்டுள்ளன.

பெயர் கண்டு மாணவர் அஞ்ச வேண்டியதில்லை. தைரோசின் என்பது புரதங்களை ஆக்கும் 20 அமினோ அமிலங்களுள் ஒன்று. கைனேசு என்பது பொசுபேற்றுக் கூட்டத்தை வேறொரு மூலக்கூறில் ஒட்டும் நொதியம். எனவே தைரோசினில் பொசுபேற்றை ஒட்டவல்ல வாங்கி என்பதே பெயரின் பொருள்.

இதன் ஒரு பகுதி மதிலுக்கு வெளியே நீண்டு, செவி போற் செயற்படுகின்றது. நடுப்பகுதி மதிலை ஊடறுத்து நிற்கின்றது. உட்பகுதியே கைனேசு ஆகும். உரிய கட்டளைப் புரதம் வெளியே வந்து பொருந்தியதும், பொதுவாக இரண்டு வாங்கிகள் அருகருகே சேர்கின்றன. சேர்ந்ததும் ஒன்று மற்றொன்றின் உட்பகுதியிலுள்ள தைரோசின்களிற் பொசுபேற்றைப் பதிக்கின்றது. ஓலையில் முத்திரை குத்துவது போன்றது இச்செயல். அம்முத்திரையைக் கண்டு கலத்தினுள் உள்ள வேறு புரதங்கள் வந்து பற்றிக்கொள்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றாகச் செய்தி கருவரை செல்கின்றது. 'பிரிந்து பெருகு', 'இடம் பெயர்', 'மடியாதிரு' என்னும் கட்டளைகள் இவ்வாறே நிறைவேறுகின்றன. கட்டளைப் புரதம் உள்ளே நுழைந்து செய்தி சொல்வதில்லை. அதன் பொருள் மட்டுமே உட்செல்கின்றது.

ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைப் படித்து, அப்பம்மாவுக்கு அதனைத் தமிழிற் கூறும் பிள்ளைகள் உங்களிற் பலர் உளர். அப்பம்மாவுக்கு ஆங்கிலச் சொற்கள் தேவையில்லை, கருத்தே தேவை. வாங்கியின் பணியும் அத்தன்மையதே.

தைரோசினிற் பொசுபேற்றுப் பதிக்கப்படும் உண்மை ஒரு தற்செயலால் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்திற் பிறந்த ரொனி ஹன்ரர், 1979இல் அமெரிக்காவிற் புரத ஆய்வு செய்துகொண்டிருந்தார். புதிய கரைசல் தயாரிக்காது, பலமுறை பயன்படுத்திய பழைய கரைசலையே அவர் மீண்டும் எடுத்தார். அதன் அமிலத்தன்மை சிறிது கூடியிருந்தது. அதனால், அதுவரை ஒன்றோடொன்று கலந்து தோன்றிய இரு பொருள்கள் தனித்தனியே பிரிந்தன. எவரும் எதிர்பாராத பொசுபோதைரோசின் புலப்பட்டது. சோம்பலைப் போற்றுவதற்காக இதனை நாம் கூறவில்லை. எதிர்பாராதது தோன்றியபோது அதனைப் பிழையென்று ஒதுக்காமல் உற்று நோக்கியதே அவர் பெருமை.

இலண்டனிற் கண்ட பேருண்மை

எமது நகரின் நடுவே லிங்கன்ஸ் இன் பீல்ட்ஸ் என்னும் பசும்புற்சதுக்கம் உண்டு. அதனருகே இம்பீரியல் புற்றுநோய் ஆய்வு நிதியத்தின் ஆய்வுகூடங்கள் இருந்தன. அங்கே மைக்கல் வோட்டர்பீல்ட், இளம் ஆய்வாளரான ஜூலியன் டவுன்வேர்ட் முதலியோர், பிற நாட்டு அறிஞருடன் சேர்ந்து 1984இல் ஒரு முடிவை வெளியிட்டனர்.

கோழிகளுக்கு ஒருவகைக் குருதிப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசு ஒன்று அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது. அதனாற் செங்குழியமாக முதிர வேண்டிய இளங்கலங்கள் முதிராமலே பெருகின. இவர்கள் மனித உடலின் வாங்கி ஒன்றைத் தூய்மையாக்கி அதன் அமினோ அமில வரிசையைப் படித்தபோது, அது அவ்வைரசு சுமந்து திரிந்த புரதத்தை வியக்கத்தக்க வகையில் ஒத்திருந்தது. ஆனால் வைரசின் புரதத்தில் வெளிப்பகுதியின் பெரும்பங்கு துண்டிக்கப்பட்டிருந்தது. வெளியே செவியில்லை, உள்ளே வாய் ஓயவில்லை. எவரும் கட்டளையிடாத வேளையிலும் 'பெருகு, பெருகு' என்று ஓயாது உரைத்துக்கொண்டேயிருக்கும் தூதுவராக அது மாறியிருந்தது.

புற்றுநோய் வானத்திலிருந்து விழும் சாபமன்று, நல்ல தூதுவர் நிலை பிறழ்வதாலும் அது உண்டாகலாம் என்பதை இது தெளிவாக்கியது. அந்நிதியம் 2002இல் வேறொரு நிறுவனத்துடன் இணைந்தது. அதன் ஆய்வாளர் பலர் 2016இல் திறக்கப்பட்ட பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்திற்குச் சென்றனர். சென்ற் பங்கிராஸ் நிலையத்தின் அருகே நீங்கள் காணும் வளைந்த கூரையுடைய பெரிய கட்டடம் அதுவே. அடுத்த முறை அவ்வழி செல்லும்போது பெற்றோர் பிள்ளைகளுக்கு அதனைக் காட்டுவாராக.

குருதிக்கும் கலனுக்கும் ஒரே தொட்டில்

தாயின் வயிற்றிற் கரு தங்கி மூன்றாம் வாரமளவில், கருவைச் சார்ந்த மஞ்சட்கருப் பையின் சுவரிற் சிறு திட்டுகள் தோன்றுகின்றன. இவற்றைக் 'குருதித் தீவுகள்' என்பர். தீவின் வெளிப்புறக் கலங்கள் குருதிக்கலனின் சுவராகின்றன. உட்புறக் கலங்கள் முதற் குருதிக் கலங்களாகின்றன. ஆற்றுக்கு முன் படுகை தோன்றியதோ, படுகைக்கு முன் ஆறு தோன்றியதோ என்று கேட்க இங்கு இடமில்லை. இரண்டும் ஒரே தொட்டிலிற் பிறந்த உடன்பிறப்புகள்.

இவ்வுறவை ஒரு வாங்கியே தெளிவாகக் காட்டியது. குருதிக்கலன் வளர்ச்சிக் காரணி என்னும் கட்டளைப் புரதம் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகளால் அதனை வி.ஈ.ஜி.எஃப். என்பர். அதனைக் கேட்கும் தலையாய தூதுவரை இரண்டாம் வாங்கி என வழங்குவர். எம்மவர் பெருந்தொகையாய் வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரில், ஜெனற் ரொசன்ற் அம்மையாரின் ஆய்வுக்குழுவினர், இவ்வாங்கி இல்லாத எலி முளையங்களை ஆராய்ந்து 1995இல் முடிவை வெளியிட்டனர். அம்முளையங்களிற் குருதிக்கலன்கள் உருவாகவில்லை. குருதித் தீவுகளும் தோன்றவில்லை. பத்தாம் நாளுக்கு முன்னரே அவை இறந்தன. ஒரு தூதுவர் இல்லாதபோது வாய்க்காலும் இல்லை, நீரும் இல்லை.

பிறந்த பின்னர் குருதிக் கலங்களை ஆக்கும் பணி என்பு மச்சையைச் சேர்கின்றது. செங்குழியம் ஒன்று ஏறத்தாழ 120 நாள்களே வாழும். ஆகவே வளர்ந்தவரின் என்பு மச்சை ஒவ்வொரு செக்கனிலும் ஏறக்குறைய இருபது இலட்சம் புதிய செங்குழியங்களை ஆக்குகின்றது. இவ்வாக்கத்திற்கு மூலமான தாய்க்கலங்களின் மதிலில் 'கிற்' என்னும் வேறொரு தைரோசின் கைனேசு வாங்கி நிற்கின்றது. உடலில் வெண்திட்டுகள் கொண்டு, குருதிச்சோகையால் வருந்திய ஓரின எலிகளை அறிஞர் நெடுங்காலம் வளர்த்து வந்தனர். தோலின் நிறத்திற்கும் குருதிக்கும் யாது தொடர்பு என்பது புதிராகவே இருந்தது. 1988இல் விடை கிடைத்தது. அவ்வெலிகளிற் பழுதுற்றிருந்தது கிற் வாங்கியே. குருதியின் தாய்க்கலங்களும் தோலுக்கு நிறம் தரும் கலங்களும் அதே தூதுவரையே நம்பியிருந்தன.

அளவு தவறினால்

கட்டளை வந்தால் மட்டும் போதாது. அளவாகவும் வருதல் வேண்டும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாகக் கிடைக்கும் இரு வி.ஈ.ஜி.எஃப். பரம்பரையலகுகளுள் ஒன்று மட்டும் இல்லாதுபோனாலே எலி முளையம் இறக்கின்றது என்று 1996இல் அறியப்பட்டது. பாதியளவு கட்டளை உயிரைக் காக்கப் போதவில்லை.

மிகுந்தால் என் நேரும்? இதற்கும் இலண்டனிலேயே விடை காணப்பட்டது. 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும், குறைமாதத்திற் பிறந்த குழந்தைகள் பலர் பார்வை இழந்தனர். இலண்டன் கண்மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த நோர்மன் அஷ்டன், பூனைக்குட்டிகளில் ஆய்வு செய்து 1954இற் காரணத்தை விளக்கினார். உயிர் காக்கவென அளவின்றி அளிக்கப்பட்ட ஓட்சிசனால் விழித்திரையின் இளங்குருதிக்கலன்கள் சுருங்கி மூடிக்கொண்டன. பின்பு சாதாரண காற்றுக்கு மீண்டபோது, கலன்களை இழந்த விழித்திரை மூச்சுமுட்டியது. அப்பொழுது புதிய கலன்கள் ஒழுங்கின்றி முளைத்துக் கண்ணைக் கெடுத்தன. மூச்சுமுட்டும் விழித்திரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து கலன்களை அழைக்கின்றது என மைக்கல்சன் என்னும் அறிஞர் 1948இலேயே கருதியிருந்தார். அப்பொருள் பெரும்பாலும் வி.ஈ.ஜி.எஃப். என்பது 1994இல் வலுவான சான்றுடன் தெரியவந்தது. நீரிழிவாற் கண் பழுதுற்றோரின் கண்ணீர்மத்தில் அது மிகுந்திருக்கக் கண்டனர். ஓட்சிசன் குன்றுவதைக் கலம் எவ்வாறு உணர்கின்றது என்று கண்டறிந்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவருள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பீற்றர் றற்கிளிவ்.

நீரிழிவும் விழித்திரையும்

பெற்றோர்களே, இனிக் கூறுவது எமது சமூகத்திற்கு மிக அணுக்கமானது. ஐக்கிய இராச்சியத்தில் வாழும் தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு வரை அதிகமென மருத்துவர் கூறுவர்.

இன்சுலினைக் கேட்கும் வாங்கியும் நாம் மேலே விளக்கிய குலத்தைச் சேர்ந்ததே. இரண்டாம் வகை நீரிழிவில், இன்சுலின் வாயிலுக்கு வந்தும் அதன் செய்தி உள்ளே செவ்வனே சென்று சேர்வதில்லை. சீனி குருதியிலேயே தேங்குகின்றது. ஆண்டுகள் பல செல்ல, தேங்கிய சீனி விழித்திரையின் மயிர்க்குழாய்களைச் சிதைக்கின்றது. சில கசிகின்றன; சில அடைபடுகின்றன. ஓட்சிசன் குன்றிய விழித்திரை வி.ஈ.ஜி.எஃப். கட்டளையை மிகுதியாக விடுக்கின்றது. இரண்டாம் வாங்கி அதனை நேர்மையாக உட்செலுத்துகின்றது. புதிய கலன்கள் முளைக்கின்றன. ஆனால் அவை வலுவற்றவை, எளிதில் உடைந்து கண்ணுட் குருதியைச் சிந்துபவை. ஒரு வாயிலிற் செய்தி தடைப்பட்டதன் விளைவு, நாளடைவில் மற்றொரு வாயிலிற் செய்தி மிகுந்துபோவதில் முடிகின்றது.

இங்கே மருத்துவம் கையாளும் உபாயம் அழகானது. அஃப்லிபர்செப்ற் என்னும் மருந்து, வி.ஈ.ஜி.எஃப். வாங்கிகளின் செவிப் பகுதிகளை மட்டும் எடுத்து இணைத்து ஆக்கப்பட்டது. கண்ணுள் இடப்பட்டதும், அது கலங்களை அடையுமுன்னரே கட்டளைப் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றது. கோழி வைரசின் வாங்கிக்குச் செவியின்றி வாய் மட்டும் இருந்தது. இம்மருந்துக்கோ செவி மட்டுமே உண்டு, வாயில்லை. கேட்கும், எவருக்கும் சொல்லாது. 1805இல் நிறுவப்பட்ட இலண்டன் மூர்பீல்ட்ஸ் கண் மருத்துவமனை உட்பட இந்நாட்டுக் கண் மருத்துவமனைகளில் இத்தகைய ஊசிமருந்துகள் வழங்கப்படுகின்றன. சிலருக்கு லேசர்க் கதிர்ச் சிகிச்சையும் உண்டு. ஆனால் சிகிச்சை பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காக்குமேயன்றி, முற்றாக இழந்ததை மீட்டுத் தராது. ஆதலின் காலமே இங்கு முதன்மையானது.

எமது வீட்டு இழுப்பறை

எம் அன்னையார் ஊரிலே தையல் வேலை செய்து எம்மைப் படிப்பித்தவர். இங்கு வந்தபின் நீரிழிவு கண்டது. ஒரு நாட் காலை, இரவுப் பணி முடித்து நாம் வீடு திரும்பியபோது, அவர் சன்னலருகே நின்று, "தம்பி, கண்ணுக்குள்ளை கறுத்த நூல் மாதிரி ஓடுது, தட்டிவிட்டாலும் போகுதில்லை" என்றார். நித்திரைக் குறைவாக இருக்கும் என்று கூறிவிட்டு நாம் உறங்கச் சென்றோம். மறுநாள் அவரது இடக்கண் மறைத்தது. அது விழித்திரையிலிருந்து சிந்திய குருதி.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று, எம் மகள் சமையலறை இழுப்பறையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து வந்தாள். நீரிழிவுக் கண் பரிசோதனைக்கு வருமாறு அழைத்தவை அவை. இரண்டு பிரிக்கப்படவேயில்லை. "கடையிலை கண் சோதிச்சுக் கண்ணாடி தந்தவைதானே, பிறகென்னத்துக்கு எண்டு வைச்சிட்டன்" என்றார் அன்னையார். அவரை நாம் எவ்வாறு கடிந்துகொள்வது? பல்லாண்டு விஞ்ஞானம் கற்பித்தவர் நாம். விழித்திரையின் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்தவர் நாம். எமது வீட்டு வாயிலுக்கு மூன்று முறை வந்த செய்தியை உள்ளே கொண்டுசெல்லத் தவறியவரும் நாமே.

ஊசிமருந்தாலும் லேசராலும் வலக்கண் காக்கப்பட்டது. இடக்கண்ணிற் பார்வை முழுமையாகத் திரும்பவில்லை. இன்று அவருக்காக ஊசியில் நூல் கோப்பவள் எம் மகளே.

நாம் செய்ய வேண்டியவை

இங்கிலாந்தில் நீரிழிவு உள்ள, 12 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவரும் இலவசமாகக் கண் பரிசோதனைக்கு அழைக்கப்படுகின்றனர். கண்ணின் நிலைக்கேற்ப ஆண்டுக்கொருமுறையோ ஈராண்டுக்கொருமுறையோ அழைப்பு வரும். தேவையெனில் அதனினும் விரைவாக வரும். கண்ணிற் சொட்டுமருந்து இட்டு விழித்திரையைப் படம் பிடிப்பர், நோவில்லை. சில மணி நேரம் பார்வை மங்கலாயிருக்குமாதலால், அன்று வாகனம் ஓட்டலாகாது. கண்ணாடிக் கடையிற் செய்யும் சோதனை இதற்கு ஈடாகாது. கண் நன்றாகத் தெரிகின்றதே என்று இருந்துவிடவும் கூடாது. தொடக்கத்தில் இந்நோய் எவ்வித அறிகுறியும் காட்டாது. திடீரெனக் கறுத்த புள்ளிகளோ நூல்களோ மிதந்தால், அழைப்புக்குக் காத்திராது அன்றே மருத்துவ உதவியை நாடுக. குருதிச் சீனியையும் குருதியமுக்கத்தையும் கட்டுக்குள் வைத்திருப்பது எல்லாவற்றிற்கும் அடிப்படை.

இம்முயற்சி வீண்போவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் முதற்காரணமாயிருந்தது நீரிழிவு விழித்திரை நோய். அது அவ்விடத்திலிருந்து இறங்கிவிட்டது என்று 2014இல் ஆய்வு ஒன்று காட்டியது. இங்கிலாந்தில் 2003இல் தொடங்கிய கண் பரிசோதனைத் திட்டம் அதற்கு ஒரு காரணமாகலாம் என அவ்வாய்வாளர் கருதினர்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. இன்று வீடு திரும்பியதும் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். பிரிக்கப்படாத கடிதம் இருந்தால் பிரித்துப் படித்து, அதன் பொருளை உங்கள் அப்பம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் தாத்தாமாருக்கும் நல்ல தமிழில் எடுத்துரையுங்கள். 'தமிழ் படித்து இங்கே என்ன பயன்?' என்று எம்மிடம் கேட்போர் உளர். இரு மொழியும் அறிந்த ஒரு பிள்ளை வாயிலில் நின்றால், ஒரு மூதாட்டியின் கண் காக்கப்படும். அவர்களுக்கு நாம் கூறும் விடை அதுவே.